8 டிகிரிதானே டாக்டர்?

போன வாரம் விடிகாலையில் தேடுதல் குழுவினர் ஒருவரைத் தூக்கிவந்தார்கள். நாற்பது வயது, திடகாத்திரமான ஆள், வேட்டையில் இருபது வருஷப் பழக்கம். அடிபட்ட மானின் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனவர், நன்றாக இருட்டிய பிறகுதான் தலைநிமிர்ந்து பார்த்திருக்கிறார். எங்களிடம் வந்தபோது உடல் வெப்பம் 31 டிகிரி செல்சியஸ். நடுக்கம் நின்றுபோயிருந்தது. நர்ஸ் ஈரச் சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். பையைத் திறந்தால் உள்ளே ஒரு கம்பளி ஸ்வெட்டர், மடிப்புக்கூடக் கலையாமல்!

பிழைத்துக்கொண்டார். மறுநாள் அவர் மனைவி கேட்டார்: "ராத்திரி 8 டிகிரிதானே டாக்டர், பனிகூடப் பெய்யலையே?"

இந்தக் கேள்வியை இன்னும் எத்தனை பேர் என்னிடம் கேட்கப்போகிறார்களோ. ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது சுமார் 4 டிகிரி. 8 டிகிரி என்பது அதற்குக் கொஞ்சம் மேலே. அந்தக் குளிரில் ஈரச் சட்டையோடு, காற்று வீச, பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். உடம்பின் உட்புற வெப்பம் 37-இலிருந்து 35-க்குக் கீழே போனாலே அது ஹைப்போதெர்மியா. இதற்குப் பனி பெய்யவே வேண்டாம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்தும். பனி உறைந்த காட்டில் காற்றில்லாத இடமாகப் பார்த்து, உலர்ந்த கம்பளி உடுப்பில் உட்கார்ந்திருப்பவரைவிட, 8 டிகிரித் தூறலில் பருத்திச் சட்டையோடு நனைந்தவருக்குத்தான் ஆபத்து அதிகம். "மழையே இல்லையே டாக்டர்" என்பார்கள். வேர்வை? மூட்டையைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறினால் சட்டை பிழிகிற அளவுக்கு நனையும். உடம்புக்கு மழையும் வேர்வையும் ஒன்றுதான். பருத்தி நனைந்தால் காயாது, சூட்டையும் பிடித்து வைக்காது. கம்பளியும் செயற்கை இழைத் துணியும் நனைந்தாலும் ஓரளவு காக்கும்.

ஸ்வெட்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று அவரிடமே கேட்டேன். "இன்னும் நல்லா குளிரட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு வச்சிருந்தேன்" என்றார். நன்றாகக் குளிர்ந்தபோது பையின் ஜிப்பைத் திறக்க விரல் வரவில்லை. அந்த விரல்களுக்குப் பக்கத்திலேயே தோட்டா ஏற்றிய ரைஃபிள் கிடந்தது என்று தேடுதல் குழுவினர் சொன்னார்கள். கேட்டபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. இருட்டுவதற்குள் தோட்டாவை எடுத்துவிடுங்கள்.

பிராந்தி ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு மடக்கு குடித்தால் தோல் சூடாகும், உண்மைதான். அது உள்ளே இருந்த சூடு வெளியே போவதால் வருகிற சுகம். நடுக்கத்தையும் குறைக்கும், புத்தியையும் குறைக்கும். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

வழி தவறியது தெரிந்ததும் எல்லோரும் செய்வது வேகமாக நடப்பது. "அந்த மேட்டைத் தாண்டினால் பாதை வந்துவிடும்." வராது. 2009-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் ஆட்களைக் காட்டில் நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வெயில் இருந்தபோது நடந்தவர்கள் ஒழுங்காகப் போனார்கள்; மேகம் மூடிய நாளில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள், பெரும்பாலோர் தாங்கள் நடந்த தடத்தையே தெரியாமல் குறுக்கே கடந்தார்கள். அது பகலில். இருட்டில் நடந்தால் பள்ளம், வழுக்குப் பாறை, மேலும் வேர்வை. காட்டில் ராத்திரி தங்கியவர்களைவிட, தங்க மறுத்து நடந்தவர்களுக்குத்தான் நான் அதிகம் எலும்பு சேர்த்திருக்கிறேன்.

வெளிச்சம் ஒரு மணி நேரம் பாக்கி இருக்கும்போதே நின்றுவிடுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள். குளிர்ந்த காற்று இறங்கித் தங்கும் பள்ளத்தின் அடியும் வேண்டாம், காற்று அறையும் மேட்டின் உச்சியும் வேண்டாம். நடுச்சரிவில் காற்று மறைவாக ஓரிடம். நின்ற உடனே, சூடு இருக்கும்போதே, ஈரத்தைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு தரை. எல்லோரும் மேலே கூரை கட்டத்தான் அலைகிறார்கள்; சூட்டை உறிஞ்சுவதோ கீழே இருக்கும் மண். காய்ந்த இலை, செடி, கொப்பு எது கிடைத்தாலும் குவித்து, ஏறி உட்கார்ந்த பிறகும் ஒரு சாண் உயரம் நிற்கிற மாதிரி பரப்புங்கள். பெரிய குப்பைப் பை ஒன்று இருந்தால் அதற்குள் நுழைந்துகொள்ளலாம், முகம் வெளியே இருக்கட்டும். தின்ன இருப்பதைத் தின்னுங்கள். நடுக்கம் ஓடுவது அந்த எரிபொருளில்தான்.

தீ மூட்டப் பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய நாலு துண்டு போதும். நனைந்திருந்தாலும் பற்றிக்கொள்ளும், ஈரச் சுள்ளி பிடிக்கும்வரை எரியும். கேஸ் லைட்டர் குளிரில் மக்கர் செய்தால் கொஞ்ச நேரம் அக்குளில் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். விடியும் நேரம்தான் பெரும்பாலும் அதிகக் குளிர், விறகை அதற்கும் மீதி வையுங்கள். உதவிக்குக் கூப்பிட விசில் மூன்று முறை, நிறுத்தி மறுபடி மூன்று முறை. கத்தினால் தொண்டைதான் போகும்.

கூட வந்தவர் உளறுகிறாரா, தடுமாறுகிறாரா, பொத்தான் போட முடியாமல் திணறுகிறாரா? "எனக்கு ஒண்ணுமில்லை" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். முற்றிய நிலையில் சிலர் புழுங்குகிறது என்று துணியையே கழற்றிப் போடுவார்கள். விஷயம் தெரியாதவர்கள் அதைப் பார்த்துக் கொலையோ என்று சந்தேகப்படுவதும் உண்டு. கை காலைத் தேய்க்காதீர்கள், எழுப்பி நடக்கவிடாதீர்கள். குளிர்ந்துபோன இதயம் ஓர் உலுக்கலிலேயே தாளம் தப்பும். படுக்கவைத்துப் போர்த்துங்கள், சூட்டை மார்புக்கும் அக்குளுக்கும் கொடுங்கள். தெளிவாக விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம்.

விறைத்துக் கிடக்கிறார், நாடி தெரியவில்லை என்றாலும் தயவுசெய்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். 1999-இல் நார்வேயில் பனிச்சறுக்கின்போது ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய ஒரு பெண் மருத்துவரின் உடல் வெப்பம் 13.7 டிகிரிவரை இறங்கியது. இதயமும் நின்றிருந்தது. அவர் பிழைத்துத் திரும்ப மருத்துவமனை வேலைக்கே போனார். சூடாக்கிப் பார்க்காமல் நாங்கள் யாரும் மரணச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதில்லை.

போகுமுன் வீட்டில் ஒருவரிடம் எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் வராவிட்டால் தகவல் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் "சாயங்காலம் வருவேன்னார்" என்பதுதான் மிஞ்சும். ஆபத்தில் அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே மீட்பு மையத்துக்குச் சமிக்ஞை அனுப்பும் பீக்கன் கருவி வைத்திருந்தால், அது 406 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதா என்று பாருங்கள். பழைய 121.5 மட்டும் உள்ளதைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதே இல்லை. போன வாரத்து ஆளிடம் 406 பீக்கன் இருந்தது. விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது அழுத்தியும் இருக்கிறார். ஆனால் பீக்கனின் பதிவைப் பார்த்து மீட்பு மையம் விவரம் கேட்கக் கூப்பிட்ட எண் அவர் மூன்று வருஷம் முன்னால் மாற்றிவிட்ட பழைய எண். உங்கள் பதிவில் எந்த எண் இருக்கிறது?