விவாதத்துக்கு ஏது நடுவர்?

2024 செப்டெம்பர் 11, புதன்கிழமை, இலங்கை நேரம் காலை 6.30. பிலடெல்பியாவில் அப்போது முதல்நாள் இரவு 9 மணி; அமெரிக்க சனாதிபதி வேட்பாளர்களான கமலா ஹரிஸும் டொனால்ட் ட்ரம்ப்பும் தொலைக்காட்சி விவாதத்துக்கு மேடையேறினார்கள். எங்கள் சனாதிபதித் தேர்தலுக்குச் சரியாகப் பத்து நாள்தான் இருந்தது. அப்படியிருந்தும் திருகோணமலையில் மணிக்கூட்டுக் கோபுரத்தடித் தேநீர்க்கடையிலிருந்து உவர்மலை வரைக்கும் இந்த அமெரிக்கக் கதைக்கு ஆள் இருந்தது. ஹரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதால் ஒரு சாரார் அந்தப் பக்கம். போரை நிறுத்துவேன் என்றவர் ட்ரம்ப்தானே என்று மற்றச் சாரார் இந்தப் பக்கம். இரு சாராருக்கும் பொதுவாக இருந்தது ஒரு பிழையான சொல். “நடுவர்மார் ரெண்டு பேரும் அவவிட ஆக்கள்” என்பது ஒரு குற்றச்சாட்டு. “அப்ப ஏன் தீர்ப்புச் சொல்லாமல் எழும்பிப் போனவங்கள்?” என்பது அதற்கு மறுமொழி. இரண்டையும் பெற்ற தாய் “நடுவர்” என்ற மொழிபெயர்ப்புத்தான்.

விவாத மேடையில் கேள்வி கேட்டு, நேரம் பார்த்து நடத்துகிறவரை ஆங்கிலத்தார் மொடரேற்றர் என்பார்கள். அவரை எங்கள் செய்தித் தளங்களும் காணொளிக் குரல்காரர்களும் நடுவர் என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். அவர் நடுவர் அல்லர்.

சொல்லின் பிறப்பை விரைவாகப் பார்த்துவிடலாம். இலத்தீனில் மோடுஸ் என்றால் அளவு. அதிலிருந்து வந்த வினைக்கு அளவுக்குள் நிறுத்துதல், அடக்கி ஆளுதல் என்று பொருள். அதைச் செய்கிறவர் மொடரேற்றர். அணு உலையில் நியூத்திரன்களின் வேகத்தைக் குறைக்கும் நீர், கனநீர், காரீயம் (கிராபைற்) ஆகியவற்றுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். தமிழ்நாட்டுப் பாடநூலில் தணிப்பான். காரீயக் கட்டி எந்த நியூத்திரன் வென்றது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. தென்னிந்தியத் திருச்சபை தன் தலைமை ஆயரை ஆங்கிலத்தில் இதே சொல்லால் அழைத்துத் தமிழில் பிரதமப் பேராயர் என்கிறது. அது பதவி வழி வந்த வேறு கிளை, இங்கே வேண்டாம்.

நடுவர் என்பதோ நடுவு என்பதன் வழி வந்தது. நடுவு நிலைமைக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு, பன்னிரண்டாவது. அங்கே சொல்லப்படுவது “சமன்செய்து சீர்தூக்கும் கோல்”. முதலில் சமனாக நிற்கும், பிறகு பொருளை வாங்கி எடை சொல்லும். எடை சொல்லாத தராசைத் தராசென்று யாரும் கடையில் வைத்திருப்பதில்லை. யமனுக்கு நடுவன் என்றொரு பெயர் இருப்பதும் இதனால்தான்: ஆள் பாராமல் கணக்கை முடித்து வைப்பவன். ஆக, நடுவர் என்ற சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தில் மூன்று பேர் ஒரு பக்கமும் மூன்று பேர் மறுபக்கமும் பேசி முடிய, கடைசியில் ஒலிவாங்கியை இழுத்து “ஆகவே எனது தீர்ப்பு” என்பவர் நடுவர். பாடசாலை விவாதப் போட்டியில் புள்ளித்தாளோடு முன்வரிசையில் இருப்பவர்களும் நடுவர்கள். அந்த இரண்டு இடத்திலும் சொல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அவர்களிடமிருந்து அதைப் பறிக்கச் சொல்லவில்லை.

பிலடெல்பியாவில் இருந்த இருவர், ஏபிசி தொலைக்காட்சியின் டேவிட் மியூர், லின்சி டேவிஸ், என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கேள்வி கேட்டார்கள். பதிலுக்கு 2 நிமிடம், மறுப்புக்கு 2 நிமிடம், மேலதிக விளக்கத்துக்கு 1 நிமிடம் என்ற அளவுக்குள் இருவரையும் வைத்திருக்கப் பார்த்தார்கள். ஒருவரின் முறையில் மற்றவரின் ஒலிவாங்கி மூடப்பட வேண்டும் என்பது விதி. பேனை, வெற்றுத்தாள், ஒரு போத்தல் தண்ணீர் தவிர வேட்பாளர் கையில் ஒன்றும் இருக்கக்கூடாது. மேடையில் எந்தப் பக்கம் யாருக்கு, கடைசிப் பேச்சு யாருக்கு என்பதை நாணயம் சுண்டித் தீர்த்தார்கள். ட்ரம்ப் கடைசிப் பேச்சை எடுத்துக்கொண்டார், ஹரிஸ் இடத்தைத் தெரிந்துகொண்டார். முடிந்ததும் மியூரும் டேவிஸும் நன்றி சொல்லி எழுந்தார்கள். நடுவில் இருக்கவும் இல்லை. வேட்பாளர்களுக்கு எதிரே மேசை போட்டுத்தான் இருந்தார்கள்.

வெற்றி தோல்வி யார் சொன்னது என்றால், பார்த்தவர்கள். சிஎன்என் உடனடியாக எடுத்த கருத்துக்கணிப்பில் ஹரிஸ் வென்றார் என்றவர்கள் 63 வீதம், ட்ரம்ப் என்றவர்கள் 37 வீதம். யூன் 27ஆம் திகதி அட்லாண்டாவில் பைடனோடு நடந்த விவாதத்துக்குப் பிறகு இதே வகைக் கணிப்பு ட்ரம்ப்புக்கு 67, பைடனுக்கு 33 என்று வந்தது. இவை விவாதத்தைப் பார்த்தவர்களை மட்டும் கேட்டது, நாட்டு வாக்காளர் எல்லோரையும் அல்ல. தமிழில் இதைப் போடும்போது “விவாதத்தில் ஹரிஸ் வெற்றி” என்று தலைப்புக் கட்டி, கீழே முதல் வரியில் “நடுவர்களாக” என்று இரண்டு பெயரைப் போட்டால், வாசிக்கிறவர் என்ன விளங்குவார்? தீர்ப்பு அவர்களுடையது என்றுதான். மொழிபெயர்ப்பாளர் பொய் எழுதவில்லை; பொய்யை வாசகரே கூட்டிப் பெருக்கிக்கொள்ள வசதி செய்து கொடுத்திருக்கிறார்.

நடுவர் வேண்டாம் என்றதும் “நெறியாளர் இருக்கிறதே” என்பார்கள். தமிழ்நாட்டுச் செய்தித் தொலைக்காட்சிகளில் அது ஊன்றிவிட்டது. நெறி என்றால் வழி, வழிப்படுத்துபவர் நெறியாளர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு அதில் ஒரு வில்லங்கம். ஈழத்து நாடகக்காரருக்கு நெறியாளர் என்றால் நாடகத்தை இயக்குபவர். நெறியாள்கை என்றால் யார் எங்கே நிற்பது, எப்போது அழுவது, எந்த வசனத்துக்குத் திரும்புவது என்று ஒத்திகையில் சொல்லிக்கொடுப்பது. திருகோணமலையில் நாடகம் போட்ட எந்த இளைஞரிடமும் கேட்டால் இதைத்தான் சொல்வார். அவரிடம் போய் “விவாதத்தை நெறியாள்கை செய்தவர்கள் மியூரும் டேவிஸும்” என்றால், “அதுதானே பாத்தன், எல்லாம் எழுதிக் குடுத்துப் பேசினதுதான்” என்று முடித்துவிடுவார். கட்சிச் சந்தேகத்துக்கு நடுவர் எண்ணெய் என்றால் நெறியாளர் பெற்றோல்.

அந்தச் சந்தேகத்துக்குத் தீனி வேறு குறைவில்லை. ஹரிஸின் முத்துக் காதணிக்குள் ஒலிக்கருவி இருந்தது, வெளியிலிருந்து பதில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பரப்பினார்கள். ஆதாரம் ஒன்றும் வரவில்லை. 2004இல் ஜோர்ஜ் புஷ்ஷின் கோட்டு முதுகில் ஒரு புடைப்புத் தெரிய, எதிர்ப்பக்கத்தார் வானொலிக் கருவி என்றார்கள். அவருடைய ஆட்கள் தையல் பிசகு என்றார்கள். புரளி ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமில்லை. 2016இல் நடந்தது புரளியும் இல்லை: சனநாயகக் கட்சியின் டொன்னா பிரசீல், ஹிலாரி கிளின்டன் தரப்புக்குச் சிஎன்என் நிகழ்ச்சிக் கேள்வியை முன்கூட்டியே தெரியப்படுத்தியது மின்னஞ்சல்களில் வெளிவந்து, அவருக்கும் சிஎன்என்னுக்கும் இருந்த உறவு முறிந்தது. இப்படி ஒரு வரலாறு இருக்கையில் “நெறியாள்கை” என்று எழுதுவது வேலியில் போன ஓணானைக் கதைதான்.

இன்னொரு போட்டியாளர் மத்தியஸ்தர். வடமொழி என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. மத்தியில் நிற்பவர் என்ற பொருளில் அது நடுவரின் உடன்பிறப்பு, அதனால் அதே நோய் இதற்கும் உண்டு. தூய்மை பேசுகிறவர்கள் மத்தியஸ்தரைத் தள்ளிவிட்டு நடுவரை ஏற்றினால் பிழையைத் தமிழ்ப்படுத்தியதுதான் மிச்சம். அத்தோடு இங்கே மத்தியஸ்தருக்கு வேறு வேலை இருக்கிறது. உதைபந்தாட்டத் திடலில் விசிலோடு ஓடுபவர் மத்தியஸ்தர். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையில் காணிச் சண்டை, கடன் சண்டைக்காரரை இருத்தி இணக்கத்துக்குக் கொண்டுவருபவரும் மத்தியஸ்தர். விவாத மேடையில் இணக்கம் வந்துவிட்டால் விவாதமே இல்லை. தொகுப்பாளர் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பாட்டுக்குப் பாட்டு நடத்துகிறவருக்குப் போதும்.

எனக்குச் சரியாகப் படுவது மட்டுறுத்துநர். தமிழ் இணையத்தில் கருத்துக்களங்களை மேய்ப்பவர்களுக்கு இந்தச் சொல் ஏற்கெனவே உண்டு. மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டுமட்டாக இருக்கிறது, மட்டுமரியாதை இல்லை, செலவை மட்டுப்படுத்து, ஆளை மட்டுக்கட்டிவிட்டான் — வாயில் புழங்குகிற சொல்தான், அகராதியில் தூசி தட்டி எடுத்ததில்லை. மோடுஸ் என்பதும் அளவுதான் என்றதும் இரண்டும் ஒரே வேர் என்று சிலர் துள்ளுவார்கள். ஓசை ஒத்தால் உறவு என்று கட்டுவது சொல்லாராய்ச்சி அல்ல, அந்த வண்டியில் நான் ஏறவில்லை. பொருள் ஒன்று, அது போதும். நீளம் என்ற முறைப்பாடு நியாயம்தான். கிழக்கில் மட்டு என்றதும் தலைப்புச் செய்தியில் மட்டக்களப்பு ஞாபகம் வருவதும் உண்மை. இரண்டும் பழகப் போய்விடும்.

சொல் மாறினால் கேள்வியும் மாறும் என்பதுதான் இதில் பெரிய இலாபம். நடுவர் என்றால் “யார் பக்கம்?” என்ற ஒரே கேள்வி, அதற்கு அளவுகோல் கிடையாது. மட்டுறுத்துநர் என்றால் எண்ணிப் பார்க்கலாம். அளவை மீறி யாரை எவ்வளவு பேசவிட்டார்? பிலடெல்பியாவில் ட்ரம்ப் பேசியது ஏறத்தாழ 43 நிமிடம், ஹரிஸ் 38க்குக் கிட்ட. விதிப்படி மூடியிருக்க வேண்டிய ஒலிவாங்கி பல தடவை திறந்தது, அதில் கூடுதல் பங்கு ட்ரம்ப்புக்குப் போனது. ட்ரம்ப் ஆதரவாளர் கையில் இருக்கும் நல்ல வாதம் நேரத்தில் இல்லை, திருத்தத்தில் இருக்கிறது: ஒகாயோ மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் குடியேறிகள் செல்லப்பிராணிகளைத் தின்கிறார்கள் என்று அவர் சொன்னபோது மியூர் இடைமறித்து, நகர நிருவாகி அப்படி நம்பத்தகுந்த முறைப்பாடு இல்லை என்றார் என்று சொன்னார். இப்படி ட்ரம்ப் சில தடவை திருத்தப்பட்டார். ஹரிஸை அப்படி நேராகத் திருத்தவில்லை. ட்ரம்ப் இதைத் தன்னொருவருக்கு எதிராக மூவர் என்றார். அட்லாண்டாவில் மட்டுறுத்திய ஜேக் டப்பரும் டேனா பாஷும் யாரையும் திருத்தவில்லை. அதற்குச் சனநாயகக் கட்சிக்காரர் திட்டினார்கள். 2012இல் விவாதத்தை மட்டுறுத்திய கண்டி குரோலி, லிபியாவின் பென்காசி தாக்குதல் பற்றிய பேச்சில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ரொம்னியை அந்த இடத்திலேயே திருத்தியதற்குக் குடியரசுக் கட்சிக்காரர் திட்டினார்கள். மேடையிலேயே உண்மை பார்ப்பது மட்டுறுத்தலுக்குள் அடங்குமா என்பது நல்ல சண்டை. அதைச் சண்டை பிடிக்கவே “நடுவர்” விடுவதில்லை. உண்மை சொல்வது நடுவரின் கடமை என்று முன்கூட்டியே தீர்த்துவிடுகிறது.

மட்டுறுத்துநர் இல்லாமலும் விவாதம் நடந்திருக்கிறது. 1858இல் அமெரிக்க செனற் ஆசனத்துக்குப் போட்டியிட்ட லிங்கனும் டக்ளஸும் ஏழு ஊர்களில் மோதினார்கள்: தொடங்குபவருக்கு 60 நிமிடம், மற்றவருக்கு 90, மறுபடி முதல்வருக்கு 30. அளவு அங்கேயும் இருந்தது, அளப்பதற்கென்று மேடையில் ஓர் ஊடகர் இல்லை. எங்கள் பக்கத்தில் சஜித் பிரேமதாசவும் அநுர குமார திசாநாயக்கவும் நேருக்கு நேர் மோதுவார்கள் என்று 2024இல் எதிர்பார்த்தது, திகதி பார்ப்பதிலேயே கரைந்து நடக்காமல் போனது. நடந்திருந்தால் செய்தி வாசித்தவர்கள் அங்கேயும் நடுவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பட்டிமன்றம் என்ற சொல்லையும் இதற்குப் போட வேண்டாம். மணிமேகலை விழாவறை காதையில் “பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்” என்று முரசறைபவன் சமயவாதிகளுக்கு அறிவிக்கிறான். அடுத்த அடிகளிலேயே, பகைவரோடாயினும் “செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்” என்கிறான். அகன்று போகச் சொன்ன அந்த வரியைத் தேநீர்க்கடையில் ஒட்டலாம்; ஒட்டினாலும் பயன் குறைவு. விவாதம் விவாதமாகவே இருக்கட்டும்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு சொல். மட்டுறுத்துனர் என்று ந, ன குழப்பத்தில் எழுதுகிறார்கள். ஓட்டு, இயக்கு, அனுப்பு என்ற வினைகளோடு நர் சேர்ந்து ஓட்டுநர், இயக்குநர், அனுப்புநர் ஆவது போல, மட்டுறுத்து என்ற வினையோடு நர் சேர்கிறது. உறுப்பு என்ற பெயரோடு இன் சாரியை சேர்ந்து உறுப்பினர் ஆவது வேறு கணக்கு. தந்நகரம் (ந) போடுங்கள். செய்தித் தலைப்பில் இடம் போதாவிட்டால் “விவாதத்தை நடத்தியவர்” என்று எழுதினாலும் ஒரு குறையும் இல்லை.