இருவாச்சியா, இருவாட்சியா?

வால்பாறையிலிருந்து அதிரப்பள்ளிக்கு இறங்கும் சாலையில் தமிழக-கேரள எல்லையிலுள்ள மளுக்கப்பாறை சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஒரு பறவையின் பெயர் மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'கிரேட் ஹார்ன்பில்' எனப்படும் அது இந்தப் பக்கம் இருவாச்சி, அந்தப் பக்கம் வேழாம்பல். அங்கே தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழர்கள் இரண்டையும் சொல்வார்கள்.

இரு, வாய் என்ற இரண்டு சொற்களிலிருந்து வந்தது 'இருவாய்ச்சி'. மேய்ச்சல் நம் பேச்சில் மேச்சல் ஆவதைப் போல, யகரம் தேய்ந்து இருவாச்சி ஆயிற்று. பறவைக்கு இருப்பதென்னவோ ஒரே வாய்தான். பெரிய மஞ்சள் அலகின் மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தது போன்ற புடைப்பு. உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். குஞ்சாக இருக்கும்போது அந்தப் புடைப்பும் கிடையாது. தமிழன் அதை வாயாகப் பார்த்தான். 1758இல் அறிவியல் பெயரிட்ட ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் கொம்பாகப் பார்த்து, 'இருகொம்பன்' என்று பொருள்படும் 'பைகார்னிஸ்' என்றார்.

சிலர் இதை 'இருவாட்சி' என்று திருத்துகிறார்கள். மீனாச்சி மீனாட்சியாவது போல இதுவும் கொச்சை என்ற நினைப்பு. தவறு. இருவாட்சி மல்லிகை இனத்துப் பூ. பெரியாழ்வார் கண்ணனுக்குச் சூட்ட அழைக்கும் பூக்களுள் ஒன்று. பறவையின் தலையில் பூவைச் சூட்ட வேண்டாம்.

மலையாளத்தில் முழுப்பெயர் 'மலமுழக்கி வேழாம்பல்'. மலையை முழங்க வைப்பது. நமக்கு உரை தேவையில்லை. சிறகின் அடியில் மூடுசிறகுகள் போதாததால் இறகுத் தண்டுகளுக்கு இடையே காற்று புகுந்து இரைகிறது. பறவை கண்ணில் படும் முன்பே ஓசை வந்துவிடும். மழைநீர் மட்டும் அருந்திக் காத்திருப்பது வேழாம்பல் என்பது அங்குள்ள நம்பிக்கை, நம் சாதகப் பறவையைப் போல. உண்மையில் அத்திப்பழச் சாறே இதற்குப் பெரும்பாலும் தண்ணீர்.

காத்திருப்பது என்றால் பெண்பறவையைத்தான் சொல்ல வேண்டும். மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தால் வாசலைப் பூசிக்கொண்டு, ஒரு கீற்றுத் துளை வழியே ஆண் ஊட்டுவதை உண்டு முட்டையைக் காக்கிறது. ஆணைச் சுட்டால் பொந்துக்குள் இருக்கும் குடும்பமும் பட்டினியில் மடியலாம். வாழச்சால் காட்டில் இன்று கூடுகளுக்குக் காவல் இருப்பவர்கள் காடர் பழங்குடியினர். 2018 முதல் இந்தப் பறவை உலகளவில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிறிய உறவினம் ஒன்று உண்டு. நம் நூல்களில் அது 'மலபார் சாம்பல் இருவாச்சி'. அதற்கு அலகுப் புடைப்பே இல்லை. பெயரில் மட்டும் இரண்டு வாய். கொக்கரிப்பதைப் போலக் கத்தும் அதைக் கேரளத்தார் 'கோழி வேழாம்பல்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரே பொருத்தமாகத் தோன்றுகிறது.