எடை கூடிக் காயும் எண்ணெய்

மகளுக்காகத் தேக்குப் பலகையில் நகைப்பெட்டி செய்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் பூசினேன். மாதங்கள் ஆகியும் பிசுபிசுக்கிறது, தூசி அப்புகிறது. கடைக்காரர் ஆளி விதை எண்ணெய் பூசச் சொல்கிறார். அதுவும் எண்ணெய்தானே, அது மட்டும் எப்படிக் காயும்?"

தச்சு வேலை பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் ரேகைக்கு, அதாவது அதன் நார் ஓடும் வாக்குக்கு, குறுக்கே விரிந்து சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. ஆகவே மூடிப் பலகையை நான்கு பக்கமும் பசையிட்டு இறுக்காமல், சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்துச் செருகி, அசைய இடம் விட வேண்டும். இல்லையென்றால் கோடையில் வெடிக்கும். உப்புத்தாளை ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். இனி எண்ணெய்க்கு வருவோம்.

ஈரத் துணி காய்ந்தால் எடை குறைகிறது. கண்ணாடித் துண்டில் மெல்லியதாகப் பூசிய ஆளி விதை எண்ணெயை நுட்பமான தராசில் வைத்துப் பாருங்கள். காயக் காய எடை கூடும், அதுவும் பத்து சதவீதத்துக்கும் மேல்! காரணம் காற்றிலுள்ள ஆக்சிஜன். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

தாவர எண்ணெய் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு கிளிசரால் மூலக்கூறு, அதில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதச் சங்கிலிகள் நிறைவுற்றவை. அதாவது, கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பே கிடையாது. ஆளி விதை எண்ணெயிலோ பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம். அதன் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள். நாம் கவனிக்க வேண்டியது, இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் நிற்கும் கார்பன் அணுவை. அதிலுள்ள ஹைட்ரஜனைப் பிடுங்கினால் எஞ்சும் தனி எலெக்ட்ரானை இருபுறப் பிணைப்புகளும் பகிர்ந்து தாங்கிக்கொள்ளும். அதனால் அந்த ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடுகிறது.

வெளிச்சமோ உலோகத்தின் சுவடோ அப்படியொரு ஹைட்ரஜனை எங்காவது கழற்றிவிட்டால் போதும். காத்திருந்ததுபோல ஆக்சிஜன் மூலக்கூறு அங்கே வந்து ஒட்டும். ஒட்டிய ஆக்சிஜனுக்கு இப்போது ஒரு ஹைட்ரஜன் வேண்டும்; பக்கத்துச் சங்கிலியிடம் பறிக்கும். பறிகொடுத்த இடத்தில் அடுத்த ஆக்சிஜன் ஒட்டும், அதுவும் பறிக்கும். இப்படி ஆக்சிஜன் ஒட்டிச் சேரும் பெராக்சைடுகள் என்ற சேர்மங்கள் பின்னர் உடைய, உடைந்த முனைகள் அண்டைச் சங்கிலிகளோடு நிரந்தரமாகப் பிணைகின்றன. சில வாரங்களில் பூச்சு முழுவதும் ஒரே வலையாகிவிடும். கரைப்பானில் ஊறவைத்தால் அது உப்பும், கரையாது.

ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில், ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் சிலவற்றில், இவ்வாறு உலரும் எண்ணெய் இருப்பதாக 2008-இல் அறிவித்தார்கள். பிரான்சின் கிரனோபிள் நகரிலுள்ள மாபெரும் எக்ஸ்ரே கருவியில் துளி வண்ணத்தை ஆராய்ந்து கண்டது அது. பழைய சுவருக்கு இவ்வளவு செலவா என்பவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. உடனடி லாபம் தராத இத்தகைய ஆய்வுக்குத்தான் அரசுப் பணம் வேண்டும்.

பெட்டி தேக்குக்குப் பதில் ஈட்டி மரமாக இருந்தால் வேறொரு சிக்கல். ஈட்டி வகை மரங்களில் ஊறியிருக்கும் சில பொருள்கள் தாமே ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலி வினையை நடுவழியில் நிறுத்திவிடும், எண்ணெய் காயாது. நல்லெண்ணெய் எளிதில் சிக்கு வாடை அடிக்காமல் இருப்பதற்கும் அதிலுள்ள இத்தகைய பொருள்களே காரணம்.

இந்த வினை வெப்பத்தை வெளியிடுவது என்பதை மறந்துவிடக் கூடாது. பலகையில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்தால் உள்ளேயே தங்கி, வினையை விரைவாக்கி, தானாகத் தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடமான ஒன் மெரிடியன் பிளாசா எரிந்தது இதனால்தான்; மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஆளில்லாத இடத்தில் துணி எரிந்தால் குட்டிச்சாத்தான் வேலை என்று சொல்லி மந்திரவாதிக்குப் பணம் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு உண்மைக் காரணத்தை மறைத்து அடுத்த தீக்கு வழிவிடுகிறது என்பதால் எனக்குக் கோபம் வருகிறது. எண்ணெய்த் துணியை நீரில் நனைத்து, வெட்டவெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

வாசகரின் பெட்டிக்கு வருவோம். டர்பன்டைன் நனைத்த துணியால் பலமுறை துடைத்துத் தேங்காய் எண்ணெயை இயன்றவரை எடுத்துவிடுங்கள். பிறகு ஆளி விதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை ஒட்டத் துடையுங்கள். தடித்துப் பூசினால் மேலே ஆடை படிந்து ஆக்சிஜனை மறிக்கும். அடியில் பிசுபிசுப்பு தங்கும். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. உட்புறத்துக்கு மட்டும் இந்த எண்ணெய் வேண்டாம். மூடிய பெட்டிக்குள் காற்று போதாமல் மெல்லவே காயும். உடைந்த சங்கிலித் துண்டுகளின் வாடையும் வெளியேற வழியில்லாமல் அடைந்து கிடக்கும். அங்கே அரக்கு மெருகு கொடுங்கள், அல்லது வெறும் மரமாகவே விட்டுவிடுங்கள்.