கார்ட் வாங்கமுன் கமராவைப் பாருங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கமரா வேலைக்கு இறங்குகிற பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள், அது எனக்கு உண்மையாகவே சந்தோசம். கனடாவிலோ சுவிசிலோ இருக்கிற மாமா ஊருக்கு வரும்போது தான் பாவித்த கமராவைக் கொடுத்துவிட்டுப் போவார், இல்லாவிட்டால் கொழும்பில் பழையது ஒன்றைத் தேடி வாங்குவார்கள். லென்ஸ், பற்றரி எல்லாம் விசாரித்து விசாரித்து வாங்குகிறவர்கள் மெமரி கார்டை மட்டும் பக்கத்துப் போன் கடையில் "பெரிசா ஒன்று தாங்கோ" என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். பிறகு கமரா பழுது என்று என் ஸ்ரூடியோவுக்கு வருவார்கள். கமராவில் ஒரு பிழையும் இருக்காது.

"அண்ணை, கார்ட் புதுசு, 64 ஜிபி. லப்டொப்பில போட்டா வேலை செய்யுது, கமரா மட்டும் எடுக்குதில்லை." இப்படி ஒரு தம்பி கொண்டுவந்தது நிக்கோன் டி90. 2008 இல் வந்த கமரா, இன்றைக்கும் நல்ல படம் தரும். ஆனால் அது எஸ்டிஎச்சி வகை வரைக்கும்தான் ஏற்கும். சாதாரண எஸ்டி கார்ட் 2 ஜிபி வரை, எஸ்டிஎச்சி அதற்கு மேலே 32 ஜிபி வரை, எஸ்டிஎக்ஸ்சி 32 ஜிபிக்கு மேலே 2 டிபி வரை. மூன்றும் ஒரே அளவு, ஒரே வடிவம், துளைக்குள் சிக்கலில்லாமல் போய் உட்கார்ந்துவிடும், அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். புதிய கமரா பழைய கார்டை ஏற்கும், பழைய கமரா புதிய வகைக் கார்டை ஏற்காது. உங்கள் கமரா எந்த வகை என்று கையேட்டில் இருக்கும், பல கமராக்களில் கார்ட் போடுகிற மூடிக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எஸ்டிஎக்ஸ்சி கார்டைக் கணினியில் ஃபாட்32 என்கிற பழைய பதிவு முறைக்கு மாற்றிப் பழைய கமராவில் ஓடவைக்கலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சில கமராக்களில் ஓடும். கமரா செய்தவன் பொறுப்பெடுக்காத ஒன்றை நம்பிக் கல்யாண வீட்டுக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான் என் பேச்சு. அந்தத் தம்பிக்கு 32 ஜிபி கார்ட் இரண்டு போதுமாக இருந்தது. ஒரே பெரிய கார்டில் முழு நாளையும் வைப்பதைவிட இரண்டாகப் பிரிப்பதுதான் எனக்குப் பிடித்த முறையும்கூட, ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும்.

அடுத்தது வேகம். கார்டின் முகப்பில் பெரிதாக 170, 200 என்று போட்டிருப்பது பெரும்பாலும் வாசிக்கிற வேகம், அதாவது கார்டிலிருந்து கணினிக்குப் படத்தை இறக்கும் வேகம். அதுவும் அந்தக் கம்பனியின் தனி ரீடர் இருந்தால்தான் கிடைக்கும், ஏனென்றால் யூஎச்எஸ் என்கிற, கார்டுக்கும் கமராவுக்கும் இடையிலான வேக இணைப்பில் முதல் வகையின் பொது எல்லையே விநாடிக்கு 104 எம்பிதான். நமக்கு வேண்டியது எழுதுகிற வேகம், அதுவும் இடையில் குறையாமல் எழுதுகிற வேகம். அதைச் சொல்வது அந்தச் சின்னக் குறிகள்தான். வட்டத்துக்குள் 10 என்றால் விநாடிக்குக் குறைந்தது 10 எம்பி, யூ என்ற எழுத்துக்குள் 3 என்றால் 30 எம்பி, வி30, வி60, வி90 என்றால் அந்தந்த எண்ணளவு எம்பி.

வீடியோ எடுக்கிறவர்கள் இங்கே ஒரு கணக்குப் போடவேண்டும். கமராவில் வீடியோப் பதிவு விநாடிக்கு 100 மெகாபிட் என்று இருந்தால் எட்டால் பிரியுங்கள் (எட்டு பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட்), விநாடிக்கு 12.5 எம்பி வரும். வி30 கார்ட் தாராளம். 400 மெகாபிட்டில் எடுக்கும் கமரா என்றால் 50 எம்பி, அதற்கு வி60 வேண்டும். அதைவிட்டு, பழைய கமராவுக்கு வி90 வாங்கிக் காசைக் கொட்டத் தேவையில்லை. யூஎச்எஸ் இரண்டாம் வகைக் கார்டின் பின்பக்கம் பார்த்தால் தகட்டு வரிசை இரண்டு இருக்கும், கமராவின் துளையில் ஒரு வரிசைதான் என்றால் அந்த இரண்டாவது வரிசை சும்மா கிடக்கும். கெனன் 5டி மார்க் 3 வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும்: அதன் எஸ்டி துளைக்கு யூஎச்எஸ் வேகமே கிடையாது, எவ்வளவு விலைக்கு வாங்கிப் போட்டாலும் மெதுவாகத்தான் எழுதும். வேகம் வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிற சிஎஃப் துளையை, அதாவது கொம்பாக்ட் ஃபிளாஷ் என்கிற வேறு வகைக் கார்டுக்கான துளையைப் பாவியுங்கள்.

போனில் இருந்த மைக்ரோ எஸ்டியைக் கழற்றி அடாப்டரில் செருகிக் கமராவில் போடுவதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. வேலை செய்யும்தான், ஆனால் தொடுபுள்ளி இரண்டு மடங்காகிறது, நம் பக்கத்துப் புழுதிக்கு அது நல்லதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை போலிக் கார்ட். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு சாமத்திய வீடு, படமெடுத்த பிள்ளையோடு பெண்ணின் தாயும் கார்டைக் கொண்டு வந்திருந்தார். 128 ஜிபி, பெயர்போன கம்பனியின் ஸ்ரிக்கர். கணினியில் திறந்தால் படங்களின் பெயர்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அளவுகூடக் காட்டுகிறது. தோய வார்த்த படங்கள் முழுக்க நன்றாக இருந்தன. ஆரத்தி எடுத்ததிலிருந்து எல்லாம் சாம்பல் நிறம், பாதியில் வெட்டுப்பட்ட முகம், அப்புறம் திறக்கவே திறக்காத கோப்புகள். உள்ளே இருந்தது உண்மையில் 8 ஜிபி, 128 என்று பொய் சொல்ல வைத்திருந்தார்கள். எட்டு நிரம்பும்வரை ஒழுங்காக எழுதும், பிறகு எழுதியதுபோலக் காட்டிக்கொண்டே வரும், சில கார்ட்கள் பழைய படத்துக்கு மேலேயே எழுதும். எடுத்தவுடன் திரையில் தெரிகிற படம் கமராவின் உள்நினைவிலிருந்து வருவது என்பதால் அந்தப் பிள்ளைக்கு அன்று முழுக்க ஒன்றுமே தெரியவில்லை.

"தம்பி, காசு திருப்பித் தரவேண்டாம், பிள்ளையின்ர படத்தை எப்பிடியாவது எடுத்துத் தாங்கோ" என்றார் அந்த அம்மா. வன்னியில் 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, தங்கள் கல்யாணப் படம்கூட மிஞ்சாத தாய்மார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் படம் மலிவு விலைக் கார்டில் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கார்டை வாங்கிய அன்றே சோதியுங்கள். விண்டோசில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மற்றக் கணினிகளில் எஃப்3, இரண்டும் இலவசம். கார்டை முழுக்க நிரப்பிப் பிறகு வாசித்துச் சரிபார்க்கும். பெரிய கார்ட் என்றால் மணிக்கணக்கில் இழுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். 64 ஜிபி கார்ட் கணினியில் 59 சொச்சம் காட்டினால் பயப்பட வேண்டாம், அது எண்ணுகிற முறையின் வித்தியாசம். சோதனையில் பிழை என்று வந்தால் பில்லோடு கடைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள், பில் தராத கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

சோதித்த பிறகு கார்டைக் கமராவுக்குள் போட்டுக் கமராவிலேயே ஃபோர்மட் செய்யுங்கள், ஒவ்வொரு வேலைக்கு முன்னும் அப்படியே. ஆனால் பழைய வேலையின் படங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன என்று கண்ணால் பார்த்த பிறகுதான். கமராவில் இரண்டு துளை இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதிகிற மாதிரி வையுங்கள்.

அதையும் மீறிப் படம் காணாமல் போனால், அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். தவறுதலாக அழித்த படங்களைப் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளாலேயே பலமுறை எடுத்துவிடலாம், மேலே புதிதாக எழுதப்படாத வரைக்கும்தான். போலிக் கார்டில் எழுதப்படாமலே போனதை மட்டும் யாராலும் எடுக்க முடியாது. கார்டைக் கழற்றி, பக்கத்தில் இருக்கிற சின்னப் பூட்டைக் கீழே தள்ளிவிட்டு, "ஃபோர்மட் செய்யவா" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்படியே தெரிந்த ஆளிடம் கொண்டுபோங்கள்.