வளர்மாற்ற ஸ்டீராய்டு: சொல் விளக்கம்

‘அனபாலிக் ஸ்டீராய்டு’ என்பதை நாளிதழ்கள் பெரும்பாலும் ‘ஊக்கமருந்து’ என்றே எழுதுகின்றன. விளையாட்டில் தடைசெய்யப்பட்ட மருந்துகள் அனைத்துக்கும் பொதுவான அச்சொல், இந்த மருந்து உடலில் என்ன செய்கிறது என்பதைச் சொல்வதில்லை.

‘அனபோலே’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேலெறிதல், குவித்தல் என்று பொருள். உடல் சிறு மூலக்கூறுகளைக் கொண்டு புரதம் போன்ற பெரியவற்றைக் கட்டுவதை உயிரியல் இதனடியாகப் பெயரிட்டது. நம் பாடநூல்களின் ‘வளர்சிதை மாற்றம்’ என்ற தொடரில் ‘வளர்’ என்ற பாதி குறிப்பது இதைத்தான். பித்தக்கல்லிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால், பித்தம், திண்மை ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களால் பெயர்பெற்றது கொலஸ்டிரால். அதன் வளைய அமைப்பைக் கொண்ட சேர்மங்களே ஸ்டீராய்டுகள். எனவே ‘வளர்மாற்ற ஸ்டீராய்டு’ என்பதே பொருத்தமான தமிழாக்கம் என்பது என் கருத்து. வேதியியல் குடும்பப் பெயரை மாற்றத் தேவையில்லை.

இவை டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் இயக்குநீரும் (ஹார்மோன்) அதை ஒத்த செயற்கைச் சேர்மங்களும் ஆகும். 1935இல் டெஸ்டோஸ்டிரோன் செயற்கையாக உருவாக்கப்பட்டது; 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய பென் ஜான்சனின் பதக்கம் பறிக்கப்பட்டது, ஸ்டானோசோலால் என்ற இவ்வகை மருந்தால்தான். அன்று ஓடுகளத்தில் பேசப்பட்ட இம்மருந்தை இன்று எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளாத இளைஞர்கள், ‘சைக்கிள்’ என்று ஜிம்களில் சொல்லப்படும் பல வாரச் சுற்றுகளாக, மருத்துவர் அறியாமல் ஊசியாகவும் மாத்திரையாகவும் எடுத்துக்கொள்வது மிகுந்த கவலைக்குரியது.

வெளியிலிருந்து இயக்குநீர் மிகுதியாக வரும்போது பிட்யூட்டரி சுரப்பி விந்தகத்துக்கு அனுப்பும் ஆணையை நிறுத்திவிடுகிறது. அதனால் தோள் பருக்கும் அதே காலத்தில் விந்தகம் சுருங்கி, விந்தணு உற்பத்தி குன்றுகிறது. மிகுதியின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் இயக்குநீராக மாறி, ஆணுக்கு மார்பகத் திசுவை வளர்க்கிறது. நல்ல கொழுப்பு குறைவதும் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிப்பதும் வெளியே தெரியாதவை. மருந்தை நிறுத்தியபின் சொந்தச் சுரப்பு திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் வரும் கடும் மனச்சோர்வே பலரை மீண்டும் ஊசிக்குத் தள்ளுகிறது. பதின்பருவத்தினருக்கு எலும்பின் வளர்தட்டு முன்கூட்டியே மூடி உயரம் நின்றுவிடக்கூடும். பெண்களுக்குத் தடித்த குரல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

‘வளர்மாற்ற’ என்ற அடைமொழியை விட்டுவிடக் கூடாது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆஸ்துமாவுக்கும் மூட்டழற்சிக்கும் தரப்படும் பிரெட்னிசோலோன் தசையை வளர்ப்பதில்லை, நாள்பட எடுத்தால் கரைக்கிறது. அது கார்ட்டிகோஸ்டீராய்டு என்னும் வேறு வகை. இரண்டையும் வெறுமனே ‘ஸ்டீராய்டு’ என்று கேள்விப்பட்டு அஞ்சி, நெடுநாள் உட்கொண்ட அம்மாத்திரையைத் திடீரென நிறுத்தும் நோயாளிக்கு, உடலில் இவ்வகை இயக்குநீரைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி உடனே ஈடுகொடுக்க இயலாமல் உயிருக்கே ஆபத்து நேரலாம்.