இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கு ஃப்ளூ தடுப்பு மருந்து: ஜிபியா, பள்ளிக்கூடமா, பார்மசியா?

செப்டம்பர் வந்துவிட்டால் லண்டன் தமிழ்ப் பெற்றோரிடையே இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி எங்கே போடுறீங்க?" சென்னையிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குக் குழப்பம் இன்னும் கொஞ்சம் கூடுதல். அங்கே ஃப்ளூ தடுப்பூசி அரசின் இலவச அட்டவணையில் கிடையாது. குழந்தை டாக்டர் சொன்னால் காசு கொடுத்துப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். இலவசமாகவே தருகிறது. ஆனால் எங்கே போவது என்பது பெரும்பாலும் நம் விருப்பத்தில் இல்லை. பிள்ளையின் வயதைப் பொறுத்தது.

முதலில் சின்னப் பிள்ளைகள். ஆகஸ்ட் 31 அன்று 2 அல்லது 3 வயதில் இருந்தால் ஜிபி, அதாவது நாம் பதிந்திருக்கும் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் போடுவார்கள். 2025–26 பருவத்துக்கு, 2021 செப்டம்பர் 1 முதல் 2023 ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் இதில் வருவார்கள். தேதிக் கணக்கு கறாரானது. செப்டம்பர் 3 அன்று 2 வயதாகும் குழந்தை அடுத்த வருடம்தான். மறுபக்கம், செப்டம்பரில் 4 வயது முடிந்த பிள்ளைக்கு ஆகஸ்ட் கடைசியில் 3 வயதுதானே, அதனால் இந்த வருடம் உண்டு. பள்ளியோடு ஒட்டிய நர்சரிக்குப் போகிற பிள்ளை என்றாலும் பொதுவாக ஜிபியிடம்தான் போக வேண்டும். நர்சரியிலேயே போட்டுவிடுவார்கள் என்று காத்திருந்து தவறவிடுபவர்கள் உண்டு.

ஜிபியிடமிருந்து குறுஞ்செய்தி வரும். வரவில்லை என்றால் செப்டம்பரிலேயே ரிசப்ஷனுக்கு போன் போட்டுக் கேட்பதில் தவறே இல்லை. இன்னும் ஜிபியில் பதியாதவர்கள் முதலில் அதை முடித்துவிடுங்கள். பதிய விசா தாளோ வீட்டு முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை.

பார்மசி வழி புதிது. 2025 அக்டோபர் முதல் இந்த 2, 3 வயதுப் பிள்ளைகளுக்குச் சில பார்மசிகளிலும் இலவசமாகப் போடுகிறார்கள். எல்லாக் கடையிலும் இல்லை, அதனால் கேட்டுவிட்டுப் போங்கள். ஜிபியில் நேரம் கிடைக்காமல் அல்லாடுபவர்களுக்கு இது பெரிய உதவி. பள்ளி வயதுப் பிள்ளையை அதே கடைக்குக் கூட்டிப் போனால் காசு கேட்பார்கள். பள்ளியில் சும்மா கிடைப்பதற்கு எதற்குப் பணம்?

பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷன் (4–5 வயது) முதல் இயர் 11 (15–16 வயது) வரை பள்ளியிலேயே போடுவார்கள். அதற்கென்று உள்ள நர்ஸ் குழு ஒருநாள் வரும். அதற்கு முன் சம்மதப் படிவத்தின் இணைப்பு மின்னஞ்சலில் வரும். நான் பார்த்தவரை பிள்ளைகள் விட்டுப்போவது இங்கேதான். சீருடை, மதிய உணவுக் கணக்கு, கிளப் என்று பள்ளி திறந்ததும் குவியும் மின்னஞ்சல்களில் இது அடியில் போய்விடுகிறது. குழு வருவதற்கு முன்பே படிவத்தை மூடிவிடுவார்கள். வேண்டாம் என்றாலும் அதைப் படிவத்தில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நினைவூட்டல் வந்துகொண்டே இருக்கும்.

படிவம் நிரப்பும்போது நம் வீடுகளில் எழும் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தருவது பெரும்பாலும் ஊசி அல்ல, மூக்கில் அடிக்கும் மருந்து. சிறிய குழாய் ஒன்றால் ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் ஒருமுறை மெதுவாக அடிப்பார்கள். பிள்ளை இழுத்து உறிஞ்ச வேண்டியதில்லை, சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். உடனே தும்மினாலும் திரும்பப் போட வேண்டியதில்லை. வலி இல்லை, அழுகையும் பெரிதாக இருக்காது. ஆனால் அந்த மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களுக்கு இது பெரும்பாலும் தெரிந்திருக்கிறது. சைவம் சாப்பிடும் நம் வீடுகள் பலவற்றில் யாரும் சொல்லாததால் தெரிவதில்லை.

இதற்காகத் தடுப்பு மருந்தே வேண்டாம் என்று போக வேண்டியதில்லை. ஜெலட்டின் இல்லாத ஊசி இருக்கிறது, அதுவும் இலவசம். படிவத்தில் அதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். சில இடங்களில் பள்ளியிலேயே போடுவார்கள், சில இடங்களில் வேறொரு நாள் சமூக கிளினிக்குக்கு வரச் சொல்வார்கள். ஜிபியிடம் போகிறவர்கள் நேரம் வாங்கும்போதே சொல்லிவிட்டால் நல்லது. போன இடத்தில் சொன்னால் கையில் ஊசி மருந்து இல்லாமல் திரும்ப வரச் சொல்ல வாய்ப்புண்டு.

நீண்டநாள் நோய் உள்ள பிள்ளைகளுக்கு விதி வேறு. தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கும் ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய் போன்றவை இருந்தால் 6 மாதக் குழந்தை முதல் 17 வயது வரை எல்லோருக்கும் உண்டு. 2 வயதுக்குக் கீழ் ஊசிதான், மூக்கு மருந்து கிடையாது. பள்ளிக்குப் போகும் பிள்ளையாக இருந்தாலும் நர்ஸ் குழு வரும் வரை காத்திருக்காமல் ஜிபியிடமே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆஸ்துமா பிள்ளை என்றால் என் ஆலோசனை இதுதான். இன்னொன்று: கடந்த 3 நாட்களில் வீசிங் (மூச்சிரைப்பு) கூடியிருந்தால், பள்ளியில் போடும் நாளாக இருந்தாலும் நர்ஸிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

முட்டை ஒவ்வாமையைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். முட்டையால் கடும் ஒவ்வாமை வந்து தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போன பிள்ளை என்றால் கவனம் வேண்டும். மற்றவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மருந்துக்குப் பிறகு ஓரிரு நாள் மூக்கொழுகலாம், தலைவலி வரலாம், சாப்பாட்டில் நாட்டம் குறையலாம்.

பள்ளி நாளில் பிள்ளை லீவு போட்டுவிட்டால் அதே நர்ஸ் குழு விடுபட்டவர்களுக்கு கிளினிக் நடத்தும். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் இடம். பள்ளி அலுவலகத்தில் அந்தக் குழுவின் எண்ணை வாங்கி நேரடியாகக் கூப்பிடலாம்.

இவ்வளவும் இங்கிலாந்துக்குத்தான். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் ஏற்பாடு கிட்டத்தட்ட இதே மாதிரி. ஸ்காட்லாந்தில் பள்ளி போகாத சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பகுதியின் அரசு மருத்துவ நிர்வாகமான ஹெல்த் போர்டு நடத்தும் கிளினிக்கிலிருந்து அழைப்பு வரும். வீட்டில் 65 வயது தாண்டிய தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுக்கும் இலவசம், ஆனால் செப்டம்பரில் கேட்டால் கிடைக்காது. இந்த வயதினருக்கு அக்டோபர் 1 முதல்தான்.