மஞ்சள் விளக்கு எரிந்தால் உடனே சென்சாரை மாற்ற வேண்டாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் மெர்சிடிஸும் பி.எம்.டபிள்யூவும் வருமா என்று ஈப்போ நண்பர்கள் கேட்பதுண்டு. தாராளமாக வருகின்றன. பெரும்பாலும் புதுக் கார்கள் அல்ல. கோலாலம்பூரில் யாரோ சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்றவை, அல்லது வெளிநாட்டிலிருந்து ரீகண்டிஷனாக இறங்கியவை. பிள்ளை நல்ல வேலைக்குப் போனதும் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த அப்பாவுக்கு ஒரு பென்ஸ் வாங்கிக் கொடுக்கிறான். அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பழைய சொகுசுக் காரின் விலைதான் குறையும், உதிரிப் பாகத்தின் விலை குறையாது. அந்தப் பாடம் முதலில் வருவது பெரும்பாலும் புகைக்குழாயில் இருக்கும் சென்சார்கள் வழியாகத்தான்.

மீட்டர் பலகையில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது. இணையத்தில் வாங்கிய சிறு ஸ்கேனரைச் செருகினால் ஒரு குறியீடு வருகிறது. அதில் ஏதோ ஒரு சென்சாரின் பெயர் இருக்கிறது. உடனே அந்தச் சென்சாருக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த அவசரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான். குறியீட்டில் பெயர் வந்த சென்சார் பல நேரங்களில் புகார் கொடுத்தவன்தான். திருடன் வேறெங்கோ இருக்கிறான்.

பெட்ரோல் காரில் முக்கியமானது ஆக்சிஜன் சென்சார். 1976இல் போஷ் நிறுவனம் தயாரித்து, கலிபோர்னியாவில் விற்ற வால்வோ கார்களில் முதலில் பொருத்தப்பட்டது. உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அதனால் அதற்குள்ளேயே ஒரு ஹீட்டரும் உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து அந்தக் கணக்கு சரியா என்று எஞ்சின் கணினிக்குச் சொல்வது இந்தச் சென்சார். நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வி6 எஞ்சினில் இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு. முன்னால் இருப்பது எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்த உதவுகிறது. பின்னால் இருப்பது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று கண்காணிக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் பி0420 என்ற குறியீட்டைப் பார்த்துப் பின் சென்சாரை மாற்ற மாட்டீர்கள். கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். பின் சென்சார் தன் கடமையைச் செய்து அதை அறிவித்திருக்கிறது. பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம். உறிஞ்சு குழாயில் ஓர் இரப்பர் வெடித்திருக்கலாம். முன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு விரிசல் விழுந்து, வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டிருக்கலாம். காற்று இருப்பதைச் சென்சார் அப்படியே சொல்கிறது. கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. சென்சாரை மாற்றினால் புதுச் சென்சாரும் அதையேதான் சொல்லும்.

பி0135 போன்ற ஹீட்டர் குறியீடு வேறு வகை. அங்கே சென்சாரே பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் முதலில் ஃபியூஸையும் ஒயரையும் பார்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சென்சார் உள்ள எஞ்சினில் இன்னோர் எளிய சோதனை உண்டு. ஒரே பாக எண்ணாக இருந்தால் இடப்பக்கச் சென்சாரை வலப்பக்கமும், வலப்பக்கத்தை இடப்பக்கமும் மாற்றிப் பொருத்துங்கள். பழுது சென்சாரோடு இடம் மாறினால் சென்சார்தான் குற்றவாளி. மாறாவிட்டால் உங்கள் பணம் தப்பித்தது.

சென்சாருக்கென்று தனிப் பராமரிப்பு எதுவும் கிடையாது. கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்துத் தேய்ப்பதைக் காணொளிகளில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதனால் பயன் இல்லை. எதிலிருந்து அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் கேள்வி. எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறதென்றால் அந்தச் சாம்பல் சென்சார் முனையில் படியும். ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு வழியாக, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்தாலும் படியும். பட்டறையில் கேஸ்கெட்டுக்குப் பூசும் மலிவான சிலிகான் பசையின் ஆவி, முனையில் வெள்ளை மாவு போலப் பூத்து அதைக் கொன்றுவிடும். கழற்றும்போது முனை செங்கல் நிறத்தில் இருந்தால், பெட்ரோலில் ஊற்றும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ஏதும் பழக்கமா என்று கேட்பேன். சிலவற்றில் மாங்கனீசோ இரும்போ கலந்த சேர்மங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஓட்டுநர் வேறு பக்கம் பார்ப்பார்.

தண்ணீரும் எதிரிதான். சிவப்பாகச் சூடேறிய பீங்கானில் ஒரு துளி விழுந்தாலும் அது வெடிக்கும். செம்மண் சாலையில் ஓட்டி வந்து, எஞ்சின் ஆறுவதற்குள் உயர் அழுத்தக் குழாயால் அடிப்பகுதியைக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இனி டீசல் கார்கள். தோட்டப் பட்டணத்து வாழ்க்கைக்கும் சொகுசு டீசல் காருக்கும் உள்ள பகை இங்கேதான் தெரிகிறது.

பங்களாவிலிருந்து அலுவலகத்துக்குச் சில கிலோமீட்டர். அலுவலகத்திலிருந்து செம்பனை ஆலைக்குச் சில கிலோமீட்டர். மாலையில் டவுனுக்கு ஒரு நடை. காரின் ஓடோமீட்டர் குறைவாகக் காட்டும். அதைப் பெருமையாகவும் சொல்வார்கள். ஆனால் அந்தக் காரின் புகைக்குழாய் ஒரு நாளும் முழுமையாகச் சூடாகியிருக்காது. டீசல் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வந்தால்தான் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். எஞ்சின் அதைத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் வீடு வந்து சேர்ந்து சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். மறுநாளும் அப்படியே. கரி ஏறிக்கொண்டே போகிறது.

எவ்வளவு கரி ஏறியிருக்கிறது என்பதை அழுத்த வேறுபாட்டுச் சென்சார் அளக்கிறது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருந்து இரண்டு சிறு குழாய்கள் அதற்கு வருகின்றன. ஓய்வு பெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர் தம் மகனின் காரைக் கொண்டுவந்தார். "தம்பி, வடிகட்டியே போய்விட்டதாம். புதிது போட வேண்டும் என்கிறார்கள்" என்று ஒரு விலைப்பட்டியலை நீட்டினார். அந்தத் தொகைக்கு இங்கே ஒரு பழைய மைவி கார் வாங்கிவிடலாம். பி2453 என்ற குறியீடு இருந்தது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் அழுத்தத்தைப் பார்த்தேன். ஓடாத எஞ்சினில் இரு பக்கமும் ஒரே அழுத்தம்தான் என்பதால் எண் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். இருந்தது. ஆகவே சென்சாரைச் சந்தேகிக்க இன்னும் காரணம் இல்லை. காரைத் தூக்கி, அந்த இரப்பர் குழாயை விரலால் மடக்கிப் பார்த்தேன். கிளிப்புக்கு அடியில் ஒரு கீறல் வாயைத் திறந்தது. சுற்றிலும் கரி பூசியிருந்தது. நேராக விட்டால் கீறல் மூடிக்கொள்ளும், மேலோட்டமாகப் பார்க்கிறவர் கண்ணில் படாது. சூடு தாங்கும் புதுக் குழாய் போட்டேன். "இவ்வளவுதானா, தம்பி?" என்றார். "இவ்வளவுதான், ஐயா. ஆனால் வாரம் ஒரு முறை நெடுஞ்சாலையில் ஓட்டச் சொல்லுங்கள்."

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லும் வழி: கூட்டரசுச் சாலையில் கோல கங்சார் போய், அங்கே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, மெனோரா சுரங்கப்பாதை வழியாக ஈப்போ வந்து திரும்புங்கள். அந்த மேட்டில் எஞ்சின் இழுக்கும்போது புகைக்குழாய் நன்றாகச் சூடேறும். வேகம் காட்ட வேண்டியதில்லை. நிற்காமல் இருபது முப்பது நிமிடம் சீராக ஓடினால் போதும். தொட்டியில் டீசல் குறைவாக இருந்தால் பல கார்கள் இந்தச் சுத்திகரிப்பைத் தொடங்கவே மாட்டா. எனவே முதலில் டீசல் நிரப்புங்கள்.

பாதியில் நின்றுபோகும் சுத்திகரிப்புக்கு இன்னொரு விலையும் உண்டு. வெப்பத்தைக் கூட்ட எஞ்சின் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. டீசல் வகையைக் குறிக்கும் பி10 என்றால் பத்து விழுக்காடு பயோடீசல். அது சாதாரண டீசலைப் போல எளிதில் ஆவியாகிப் போகாது. ஊரெல்லாம் செம்பனை வளர்க்கிறோம்; கடைசியில் அது நம் எஞ்சின் ஆயிலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள், மாற்றுங்கள். உற்பத்தியாளர் குறிப்பிட்ட சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றுங்கள்: மெர்சிடிஸுக்கு 229.51 அல்லது 229.52, பி.எம்.டபிள்யூவுக்கு எல்.எல்.04 என்று டப்பாவில் போட்டிருக்கும். கரி எரியும், ஆயில் சாம்பல் எரியாது; அது வடிகட்டியிலேயே தங்கிவிடும். 2021 ஏப்ரலிலிருந்து நாடெங்கும் டீசல் யூரோ 5 தரத்துக்கு வந்துவிட்டது. கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்காக இருந்தது 10 பங்காகக் குறைந்தது. இந்தக் கார்களுக்கு அது பெரிய விடுதலை. தோட்டத்து டிராக்டருக்கு வைத்திருக்கும் பழைய தொட்டியிலிருந்து மட்டும் ஊற்றாதீர்கள். அடியில் தண்ணீரும் துருவும் நிற்கும்.

புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார்தான் விலையில் ராஜா. தனக்கென்று ஒரு சிறு கணினிப் பெட்டியோடு சேர்ந்தே வருவதால், முனை கெட்டாலும் முழுவதையும் வாங்க வேண்டும். அதன் உள்ளே இரண்டு அறைகள். முதல் அறை புகையில் உள்ள ஆக்சிஜனை வெளியேற்றுகிறது. இரண்டாவது அறை நைட்ரஜன் ஆக்சைடை உடைத்து, அதிலிருந்து கிடைக்கும் ஆக்சிஜனை அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்.சி.ஆர். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான், அதற்காகத் தெளிக்கும் ஆட்புளூ திரவம் வேலை செய்கிறதா என்று கார் முடிவு செய்கிறது. செய்யவில்லை என்று முடிவு செய்தால், சில கார்களில் இன்னும் இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு எஞ்சின் கிளம்பாது என்று திரையில் எண்ணத் தொடங்கிவிடும். பயந்துபோய் ஓடி வருவார்கள்.

ஆட்புளூ என்பது 32.5 விழுக்காடு யூரியாவும் மீதி கனிமம் நீக்கிய தண்ணீரும். இதைச் சொன்னதும் தோட்டத்து ஆட்களின் முகம் மலர்ந்துவிடும். "யூரியாவா? கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே!" தயவுசெய்து வேண்டாம். உர யூரியா மரத்துக்கானது. அதில் பையூரெட் என்ற வேதிப்பொருளும் குருணை கட்டிப்போகாமல் இருக்கச் சேர்த்த பொருள்களும் இருக்கும். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பும் உலோக உப்புகளும் இருக்கும். தெளிப்பான் அடைத்துக்கொள்ளும், கன்வெர்ட்டரில் அவை படிந்து நிரந்தரமாகக் கெடுக்கும். மிச்சப்படுத்திய சில வெள்ளி பல ஆயிரமாகத் திரும்பி வரும். கடையில் வாங்கும்போது ஐ.எஸ்.ஓ. 22241 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல ஆட்புளூவும் நம் வெயிலில் கெடும். 25 டிகிரியில் ஒன்றரை ஆண்டு தாங்குவது 30 டிகிரியில் ஓராண்டும், 35 டிகிரியில் ஆறு மாதமும்தான் தாங்கும். தகரக் கூரைக்கு அடியில் வைத்த கேனின் கதி என்னவென்று நீங்களே கணக்குப் போடுங்கள். நாக்ஸ் சென்சார் என்று குறியீடு வந்தால் நான் முதலில் எடுப்பது ரிஃப்ராக்டோமீட்டர். தொட்டியிலிருந்து ஒரு சொட்டு வைத்தால் செறிவு தெரிந்துவிடும். நீர்த்துப்போயிருந்தால் திரவத்தை மாற்றிய பிறகே சென்சாரைப் பற்றிப் பேச்சு. அதேபோலத் தெளிப்பான் கசிந்து திரவம் கூடுதலாக விழுந்தாலும் சிக்கல்: மிஞ்சிப்போகும் அம்மோனியாவையும் பின் சென்சார் நைட்ரஜன் ஆக்சைடு என்றே படிக்கும். தெளிப்பானைச் சுற்றி வெள்ளைக் கற்கண்டாகப் படிந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் துடைக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்து, எஞ்சின் நன்கு சூடான பிறகும் சென்சார் எண் காட்டவில்லையென்றால் மாற்றத்தான் வேண்டும். மாற்றியதும் கணினியில் பழைய கணக்கை அழித்துப் புதிதாகப் பழக்க வேண்டும்; இல்லையேல் விளக்கு திரும்ப எரியும்.

எலியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தோட்டத்தில் எலிக்கு ஆந்தைக் கூண்டு வைக்கிறார்கள். நம் வீட்டுக் கார் கொட்டகைக்கு ஆந்தை வருவதில்லை. எலி சூடான எஞ்சினில் ஏறி ஒயரைக் கடித்துவிட்டுப் போகும். குறியீட்டில் சர்க்யூட் என்ற சொல் இருந்தால், முதலில் டார்ச் விளக்குடன் ஒயரைத் தொடர்ந்து போங்கள். ஆக்சிஜன் சென்சார் ஒயரைப் பற்றவைத்து ஒட்டுவதும், பிளக்கில் கிரீஸ் அடைப்பதும் கூடாது. பல சென்சார்கள் புகையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை ஒயரின் உறை வழியாகவே உறிஞ்சுகின்றன. கீழே விழுந்த சென்சாரைப் பொருத்தாதீர்கள்.

டி.பி.எஃப். வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டுக் கணினியை ஏமாற்றித் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. என்னிடம் அதைக் கேட்டு வராதீர்கள். அந்தப் புகையை முதலில் மூச்சில் வாங்குவது, எஞ்சினைச் சூடாக்கும்போது பின்னால் விளையாடிக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

பழைய சொகுசுக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. விளக்கு எரியவில்லை என்பதை நம்பாதீர்கள். ஸ்கேனரில், கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் ஆகிய சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், அண்மையில் யாரோ குறியீட்டை அழித்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றினாலும் அப்படிக் காட்டும். எது என்று விற்பவரிடம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். காரை நெடுஞ்சாலையிலும் டவுனிலும் சில நாள் ஓட்டிச் சோதனைகள் முடிந்த பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.